ஒரு டின் பெட்ரோலும் உலகம்மைப் பெரியம்மையும்

பழைய கார் வைத்திருக்கும் ஆண்பிள்ளைகளிடம் ஒரு குணம் உண்டு. பெற்ற பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டால் விரலை மடக்கி யோசிப்பார்கள். வண்டி ஒரு டின் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவார்கள். (சொல்லுவது பெரும்பாலும் பொய்யாக இருக்கும், அது வேறு விஷயம்.) என் மாமனாரைப் பார்த்துவிட்டேன், என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டேன், இப்போது என் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறக்கம் வந்தால் போதும், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுகிறான். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அப்போதெல்லாம் கை தானாகக் கழுத்துக்குப் போகும். சங்கிலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகித் தச்சநல்லூருக்கு வந்தபோது பதினாறோ பதினேழோ வயது. படிப்பு மூன்றாம் வகுப்பு. கூச்சத்தில் மட்டும் பட்டம் வாங்கியிருந்தேன். தாகமாக இருக்கும்போது யாராவது "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் போனபிறகு தேடிப்போய்க் குடிக்கிற ரகம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிற வீட்டில் கொடுத்தார்கள். சத்தம் மனிதர்களால் வந்ததில்லை. மோட்டாரால் வந்தது.

அந்த மோட்டார் எங்கள் வீட்டுக்கு வரும்போதே கிழடு. மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போனது. மாமனார் அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று பின் இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்ததாம். முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். சுற்றுகிறவன் கொஞ்சம் அசந்தால் திருப்பி ஒரு உதை கொடுக்கும். கிளம்பினாலும் நேராகக் கிளம்பாது. நாலு தரம் இருமி, ஒரு தரம் தும்மி, அதன்பிறகு நகரும். தெருவில் அதற்குப் பெயரே 'பிள்ளைவாள் வீட்டு இருமல்'.

எல்லோரும் அதைத் திட்டினார்கள். எனக்கு மட்டும் அது தங்கம். ஏனென்றால் என் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். மாட்டு வண்டி கட்டினால் ஒரு ராத்திரிப் பயணம். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு காரணம் வேண்டும். 'அம்மையைப் பார்க்கணும்போல இருக்கு' என்பது எந்தக் காலத்திலும் காரணமாக ஒத்துக்கொள்ளப்பட்டதில்லை. மோட்டார் இருந்தால் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். என் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்ட ஒரு சாக்கு வேண்டும், எனக்கு அம்மையைப் பார்க்க ஒரு வண்டி வேண்டும். இப்படி மாதத்துக்கு ஒரு நடை போய்க்கொண்டிருந்தோம்.

அதற்குள் சீமையில் சண்டை மூண்டுவிட்டது. சண்டை நடக்கிற இடம் எங்கே, தச்சநல்லூர் எங்கே! ஆனால் பெட்ரோல் டின் வருவது நின்று நின்று வந்தது. கடைக்காரர் மாதத்துக்கு ஒரு டின்னுக்கு மேல் கையை விரித்துவிட்டார். எங்கள் வண்டிக்கோ ஸ்ரீவைகுண்டம் போய்த் திரும்ப ஒன்றரை டின் வேண்டும்.

மாமனார் கணக்கில் கெட்டிக்காரர். கெட்டி என்றால் இரும்புக் கெட்டி. ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து கைகழுவிக்கொண்டே மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே, பேட்டை ராவுத்தர் வந்திருந்தாரு. அவருக்கு வண்டி வேண்டாமாம், எஞ்சின் மட்டும் போதுமாம். மண்ணெண்ணெய் ஊத்தித் தண்ணி இறைக்கப் போறாராம். கொடுத்திரலாம்னு பாக்கேன்."

மோர்ச் சட்டியோடு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். (அந்த வீட்டில் எனக்கு அதுதான் நிரந்தர இடம்.)

"அப்பா, ஒரே டின்னுல போயிட்டு வந்து காட்டுதேன். வண்டிமேல தப்பில்ல, ஓட்டுத விதத்துல இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

மாமனார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. ஒரு டின். ஸ்ரீவைகுண்டம் போய் இந்த வாசலுக்குத் திரும்பி வரணும். வந்தா வண்டி இங்கன நிக்கும். வரலையா, மறுநாள் காலையில அது பேட்டைக்குப் போவும். பேச்சு ஒண்ணுதான்."

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. துரை விட்டுப்போன ஏதோ ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். பெட்ரோலைத் தின்பது மூன்றே மூன்று சங்கதி என்று கண்டுபிடித்தார். ஒன்று, நிறுத்தி நிறுத்தி எடுப்பது. இரண்டு, அவசரப்பட்டு ஓட்டுவது. மூன்றாவது, பாரம். முதல் இரண்டையும் ஓட்டும்போது பார்த்துக்கொள்ளலாம், பாரத்தை முதலிலேயே ஒழிக்க வேண்டும் என்று வண்டியைக் கோழி உரிக்கிற மாதிரி உரித்தார். மேல் கூடாரம் போயிற்று. பித்தளை விளக்குகள் போயின. இருக்கைக்கு அடியில் இருந்த இரும்புச் சாமான் பெட்டி போயிற்று. கால் மிதியைக் கழற்றப் போனபோது மாமியார் தடுத்துவிட்டாள்.

"பொம்பளையள் எப்பிடி ஏறுவாளாம்?"

"பொம்பளையள்ல ஒரு ஆள்தான் வரணும். லேசான ஆளா வரணும்" என்று சொல்லி என் வீட்டுக்காரர் என் பக்கம் பார்த்தார். பிறகு தன் அம்மா பக்கம் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். மாமியார் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

இப்படித்தான் அந்தப் பரீட்சைக்கு நான் தேர்வானேன். ஸ்ரீவைகுண்டம் எட்டியதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று மாமனாரும் ஒத்துக்கொண்டார். வெறும் தொட்டியில் ஒரே ஒரு டின்னைத் தன் கண்முன்னால் ஊற்றச் சொல்லி, மூடியைச் சுற்றி அரக்கை உருக்கி ஒட்டித் தன் மோதிரத்தால் முத்திரையும் வைத்தார். பெற்ற மகன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டி பேட்டைக்குப் போய்விட்டால் அம்மையை எப்போது பார்ப்பது? பாரம், பாரம் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. கூடாரத்தைக் கழற்றினார், விளக்கைக் கழற்றினார். நான் என்னத்தைக் கழற்றுவது என்று யோசித்தேன். யோசிக்கத் தெரியாதவள் யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இனிமேல் வருவதுதான் சாட்சி.

என் உடம்பில் அப்போது நகை கொஞ்சமா இருந்தது? காசுமாலை, அட்டிகை, ஒட்டியாணம், கைக்கு அடுக்குவளை, காலுக்குக் காப்பு. புது மருமகள் அவற்றோடுதான் வெளியே கிளம்ப வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து அத்தனையையும் கழற்றி என் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தாலிக் கயிறு, மூக்குத்தி, தோடு, அவ்வளவுதான் மிச்சம். ஜரிகைச் சேலை கனக்கும் என்று, வீட்டில் மாவாட்டும்போது உடுத்துகிற நைந்துபோன சுங்கடியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அம்மைக்கென்று மாமியார் கட்டி வைத்திருந்த அதிரசப் பொட்டலத்தை அடுக்களையிலேயே 'மறந்து' வைத்தேன். இருட்டில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் கவனிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் மொட்டையடித்துக்கொண்டு வந்திருந்தாலும், தலைமுடி போன அளவுக்குப் பாரம் குறைந்தது என்றுதான் அவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

போகிற வழி அருமையாகப் போயிற்று. ஆற்றுப் பாலம் தாண்டி, பாளையங்கோட்டை தாண்டி, மாட்டு வண்டிகள் எங்களை முந்திப் போகிற வேகத்தில் சிக்கனமாகப் போனோம். இறக்கங்களில் எஞ்சினை அணைத்து உருட்டினார். கூடாரம் இல்லாததால் ரோட்டுப் புழுதி முழுக்க என்மேல்தான். கருங்குளம் போவதற்குள் நான் புளி உருண்டை நிறத்துக்கு வந்துவிட்டேன். அணைக்கட்டுப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழையும்போது அவர் திரும்பாமலே சொன்னார்.

"இந்தா பாரு. உங்க தெருவுல வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. நிறுத்தினா மறுபடி எடுக்கப் பெட்ரோல் தின்னும். வாசல் வந்ததும் பைய ஓட்டுதேன், நீ குதிச்சிரு. நான் நேரே போய்க் குளத்தடியில திருப்பிட்டு வாரேன்."

நானும் சரி என்று தலையாட்டினேன்.

இப்போது இதை எங்கள் தெருக்காரர்களின் கண்ணால் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் காலை வெயிலில் மாப்பிள்ளையின் மோட்டார் வருகிறது. வீட்டு வாசலில் நிற்கக்கூட இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு பெண் குதிக்கிறாள். கந்தல் சேலை, புழுதி மூஞ்சி, வெறும் கழுத்து, வெறும் கை. மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே போய்விடுகிறார்.

முதலில் என்னைப் பார்த்தது என் அம்மையின் அக்காள், உலகம்மைப் பெரியம்மை. பெரியம்மை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். உடம்பும் பெரிது, மனசும் பெரிது, குரல் அந்த இரண்டையும் விடப் பெரிது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே போட்டாள்.

"ஐயோ தங்கச்சி! நம்ம பிள்ளையை மொட்டைக் கழுத்தோட இறக்கிவிட்டுட்டுப் போயிட்டானே!"

அம்மை ஓடி வந்தாள். என்னைத் தொட்டாள், கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து விசாரிக்காமலே அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் எதற்கு அழுதேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லோரும் அழும்போது சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது, நானும் அழுதேன். அது போதாதா அவர்களுக்கு?

"அழாதம்மா. எங்க போச்சு நகையெல்லாம்? சொல்லு" என்றாள் அம்மை.

"பெட்டியில இருக்கும்மா. பாரம் குறைஞ்சா வண்டி கம்மியாப் பெட்ரோல் குடிக்கும்னு நானே கழத்தி வச்சேன்."

ஒரு நிமிஷம் எல்லோரும் அழுகையை நிறுத்தினார்கள்.

"பாத்தியாளா," என்றாள் பெரியம்மை, "எப்பிடிச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கானுவன்னு! பொய் சொன்னாலும் நம்புத மாதிரி ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுத்தானுவளா?"

மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தேன். "நீ ஒண்ணும் பேச வேண்டாம், உனக்குப் புருசனைக் காட்டிக் கொடுக்க மனசு வராது" என்று என் வாயில் ஒரு டம்ளர் பாலை வைத்து அடைத்துவிட்டாள்.

அப்பா அதிகம் பேசாத மனிதர். நான் அவரைக் கொண்டு பிறந்தவள். தூணில் சாய்ந்துகொண்டு மேல்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

குளத்தடியில் வண்டி மூச்சை நிறுத்திவிட்டதால் என் வீட்டுக்காரர் வரத் தாமதமாகிவிட்டது. வரும்போது கையெல்லாம் கரி. வாசலில் இவ்வளவு கூட்டம் ஏன் என்று கூடக் கேட்கவில்லை. அவர் மனசு முழுக்கத் தொட்டியில் இருந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. ஐஸ் கட்டி மாதிரி வந்தது குரல்.

"இல்ல மாமா, உக்கார நேரமில்ல. வெயில் ஏறுததுக்குள்ள கிளம்பணும். தயவுசெஞ்சு பட்சணம், காய்கறி எதுவும் கொடுத்து விட்டிராதிய. பாரம்" என்றார். அதோடு விட்டாரா? தலையைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "நான் யோசிச்சுப் பாத்தேன். இவளும் இங்கனயே இருக்கட்டும். வண்டி இன்னும் லேசாப் போவும்லா?"

தூணில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார்.

பெரியம்மை முந்தானையை இழுத்துச் செருகினாள். "அப்பிடியா மாப்பிள்ளை! எங்க பிள்ளை உங்களுக்குப் பாரமாயிட்டாளா? எடுங்க வண்டியை. நாங்களும் வாரோம். உங்க அம்மைகிட்டயும் அப்பாகிட்டயும் நேர்ல ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"நீங்களுமா?" என் வீட்டுக்காரரின் முகம் வெளுத்தது. நகையைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவருக்குக் கவலை இல்லை. பெரியம்மையின் தோளிலிருந்து இடுப்புவரை அவர் கண் ஒரு தரம் ஏறி இறங்கியது. பாவம், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

என் அப்பாவின் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசிப் பழகாத மாப்பிள்ளை அவர். அப்பா "நானும் வாரேன்" என்று சொன்னபிறகு என்ன செய்வார்? அம்மை தன் நகையையெல்லாம் கழற்றி எனக்குப் பூட்டினாள். பெரியம்மை தன் அட்டிகையையும் மேலே போட்டாள். நாம் ஒன்றுமில்லாதவர்கள் இல்லை என்று காட்ட வேண்டாமா என்று இரண்டு வாழைத்தார், ஒரு பித்தளைக் குத்துப்போணி நிறைய முறுக்கு, ஒரு பூசணிக்காய், எல்லாம் ஏறின. அதற்குப் பிறகு பெரியம்மை ஏறினாள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா மறுபக்கம் ஏறியதும் பாதி நிமிர்ந்தது.

நான் நடுவில். வரும்போது இருந்த பாரத்துக்கும் இப்போதைய பாரத்துக்கும் இருந்த வித்தியாசத்தை என் விலா எலும்பே சொல்லிற்று.

திரும்புகிற வழியில் வண்டி மட்டும் பேசியது. இறக்கம் வந்ததும் அவர் எஞ்சினை அணைத்தார். "ஏன் நிறுத்துதான்? நம்மளை இங்கனயே தள்ளிவிடப் போறானா?" என்று பெரியம்மை என் காதில் கேட்டாள். அவள் காதில் சொல்லுவது நாலு வயலுக்கு அப்பால் கேட்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நான் சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பாளையங்கோட்டையும் தாண்டிவிட்டோம். இன்னும் கொஞ்ச தூரம்தான். பாலம் ஏறினோம்.

பாலத்தின் நட்ட நடுவில் வண்டி இருமியது. ஒரு தரம் தும்மியது. நின்றுவிட்டது.

அவர் இறங்கி முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார். பிறகு பாலத்துச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் முத்திரை வைத்த ஒரு டின்னும் தீர்ந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. அம்மை வீட்டுப் பாதை அங்கேயே அறுந்துபோன மாதிரி இருந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் நிஜமாக வந்தது.

பின்னால் கட்டை வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. "வே, எடும் வே வண்டியை! பாலம் உம்ம அப்பன் வீட்டு முற்றமா?" என்று கத்தல். அப்பா இறங்கித் தள்ளினார். வண்டிக்காரர்கள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். அசையவில்லை.

"இந்தாங்க, பின்னால இருக்க அம்மா கொஞ்சம் இறங்கினா..." என்று ஒருவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"சம்பந்தி வீட்டுக்கு நான் நடந்து போய் நிக்கணுமாலே?" என்றாள் பெரியம்மை. அதைச் சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மளமளவென்று இறங்கினாள். இறங்கின வேகத்தில் வண்டி துள்ளி மேலே எழும்பிற்று. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்களா, வண்டி திடுக்கென்று ஓடிவிட்டது. அப்பா முழங்காலில் விழுந்தார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தொற்றி ஏறிச் சக்கரத்தைப் பிடித்தார். உள்ளே நான், பூசணிக்காய், முறுக்கு.

அப்படியே கைமாற்றிக் கைமாற்றி, வழியில் கிடைத்த பிள்ளைகளெல்லாம் தள்ளி, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தச்சநல்லூர் வந்து சேர்ந்தோம். பெரியம்மையும் அப்பாவும் பின்னால் நடந்தே வந்தார்கள். வாசலில் மாமனாரும் மாமியாரும் நின்றார்கள். கூடவே பரீட்சையின் முடிவைக் கேட்க வந்த பேட்டை ராவுத்தரும்.

மாமனார் குனிந்து முதலில் அரக்கு முத்திரையைப் பார்த்தார். பிறகுதான் மனிதர்களைப் பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி" என்று அப்பாவைக் கூப்பிடுவதற்குள் பெரியம்மை முன்னால் வந்துவிட்டாள்.

"எங்க பிள்ளை நகையை எங்க வச்சிருக்கிய? எந்த அடகுக் கடையில வச்சிருக்கிய?"

மாமியார் திகைத்தாள். "என்ன பேசுதிய? அவ நகை அவ கழுத்துலதானே கிடக்கு?"

"இது எங்க தங்கச்சி நகை. நல்லாப் பாருங்க!"

மாமியார் கிட்ட வந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஏளா கோமதி. உன் காசுமாலை எங்க?"

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். மாமியார் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், பெரியம்மை பின்னாலேயே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது பெரியம்மை என் காசுமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து வந்தாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்பம் பாரம்னு சொன்னது நெசமாளா?" என்றாள் பெரியம்மை.

"நெசம்தான் பெரியம்மை."

"மூளை கெட்டதே!" என்று பெரியம்மையும் மாமியாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சம்பந்திகளுக்குள் முதல் ஒற்றுமை என்னைத் திட்டுவதில்தான் பிறந்தது. அடுத்தபடியாக, அவர் என்னை அங்கேயே விட்டுவிட்டு வரப் பார்த்ததைப் பெரியம்மை சொன்னதும், மாமியார் தன் மகனைப் பிடித்துக்கொண்டாள். "பொண்டாட்டியை விட்டுட்டு வாரேன்னாலே சொன்ன? வாய்ல கொள்ளிக்கட்டையை வைக்க!" அதற்கும் அடுத்தபடியாகப் புருசனை. "எல்லாம் உங்க ஒரு டின்னால வந்தது!"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "அது கிடக்கட்டும். வண்டி தானா வந்து சேரலை. தள்ளித்தான் வந்திருக்கு. ராவுத்தரே, காலையில மாட்டைக் கொண்டுவந்து இழுத்துட்டுப் போங்க."

"அப்பா, பேசினது அவ ஒருத்தி பாரத்துக்கு" என்றார் என் வீட்டுக்காரர், அழுகிற குரலில். "வரும்போது கூடுதல் பாரம் ஏறிட்டு. அது இல்லாட்டா வாசலுக்கே வந்திருக்கும். பாலத்துல அந்தப் பாரம் இறங்கினதும் வண்டி எப்பிடி ஓடிச்சு தெரியுமா?"

"எம்புட்டுப் பாரம் கூடுதல்? அது தெரியாம நான் எப்பிடிக் கணக்குப் போட?"

எல்லோரும் எங்கே பார்க்கக் கூடாதோ அங்கே பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ராவுத்தர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, நான் எஞ்சினை வாங்க வந்தவன். ஆனாலும் அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன். கூடின பாரத்தைக் கழிக்காம முடிவு சொன்னா நியாயமில்ல."

புறவாசல் கொட்டகையில் புளி நிறுக்கிற பெரிய தராசு தொங்கிற்று. அது எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி வீட்டுப் பெண்ணிடம் போய் யார் கேட்பது? மாமனார் கேட்க முடியாது. மாப்பிள்ளை கேட்டால் அன்றோடு உறவு முறியும். மாமியார் என்னைப் பார்த்தாள்.

நான் பெரியம்மையிடம் போனேன். என் வாழ்நாளில் நானாக ஒருவரிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"பெரியம்மை... தராசுல ஏறுதியளா?"

பெரியம்மையின் கண் விரிந்தது. ஆற்றுப் பாலத்திலேயே குதித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"வண்டி போயிட்டா நீ இனிமே எப்பம் ஊருக்கு வருவே?" என்று கேட்டாள், உண்மையாகவே காதோடு.

"தீவாளிக்கு வரலாம் பெரியம்மை. கூப்பிட ஆள் வந்தா."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "ஆம்பிளையள் எல்லாரும் அங்கன சுவத்தைப் பாத்துத் திரும்புங்க. திரும்பி ஒருத்தன் பாத்தான்னா பாருங்க!"

மாமனார், அப்பா, என் வீட்டுக்காரர், ராவுத்தர், நாலு பேரும் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். பெரியம்மை ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்து சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டாள். உத்திரம் ஒரு முனகல் முனகிற்று. மாமனாரின் தலை லேசாக அசைந்தது.

"திரும்பப்படாது!" என்று இரண்டு பெண்களும் கத்தினார்கள்.

மாமியார் மறுதட்டில் புளிச் சிப்பங்களை அடுக்கினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அடுக்கினாள், அடுக்கினாள். பெரியம்மை கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். "சத்தமா எண்ணாதிய மதினி" என்று கெஞ்சினாள். சிப்பம் தீர்ந்துபோய், அந்த இரண்டு வாழைத்தாரையும் பூசணிக்காயையும் ஏற்றியபிறகுதான் தட்டு மேலே எழும்பியது. மாமியார் பெரியம்மையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். ஏதோ காதில் சொன்னாள், இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆச்சா? எம்புட்டு?" என்றார் மாமனார் சுவரிடம்.

"உங்க கணக்குக்குத் தேவையானதுக்கு மேலயே இருக்கு. வண்டி ஜெயிச்சிட்டு" என்றாள் மாமியார்.

"அது எம்புட்டுன்னு சொன்னாத்தானே..."

"சொல்லமாட்டேன்னு மதினிக்கு வாக்குக் கொடுத்திட்டேன்."

மாமனார் ஆயுள் முழுக்க எண் இல்லாத கணக்கை ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். "ராவுத்தரே, உமக்கு வேற எஞ்சின் பாப்போம்" என்றார்.

"இன்ஷா அல்லா" என்றார் ராவுத்தர், சுவரைப் பார்த்தபடியே. குரலில் சிரிப்பு இருந்தது.

மோட்டார் அதற்குப் பிறகும் பல வருஷம் எங்கள் வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தது. மாதம் ஒரு டின், மாதம் ஒரு நடை ஸ்ரீவைகுண்டம். கிளம்பும்போது வாசலில் மாமியார் என் கழுத்தையும் கையையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள். என் வீட்டுக்காரருக்கு ஓடுகிற வண்டியிலிருந்து யாரையும் இறக்கக் கூடாது என்று ஆயுள் தடை.

பாரத்துக்கு எங்கள் வீட்டில் அன்றிலிருந்து வீசையும் கிடையாது, மணங்கும் கிடையாது. தொடங்கி வைத்தது மாமனார்தான். அடுத்த மாதம் மகன் வண்டியில் நெல் மூட்டை ஏற்றப் போனபோது உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "ஏலே, அரைப் பெரியம்மைக்கு மேல ஏத்தாத!" பெரியம்மைக்கு அது தெரிந்தபோது கோபித்துக்கொள்வாள் என்று பயந்தோம். அவளோ, "நான் இல்லாம உங்க வீட்டுக் கணக்கு நடக்காதுளா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன வாரம் மகன் வீட்டுக்கு ஒரு இரும்பு பீரோ வந்தது. தூக்கி வந்த நாலு பேரும் படியில் வைத்து மூச்சு வாங்கினார்கள். "ஒண்ணே கால் பெரியம்மை இருக்கும்போல" என்றாள் பேத்தி. அவள் பெரியம்மையைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தூக்கி வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பிறகு பேத்தி என்னிடம் வந்து, "ஒரு பெரியம்மைன்னா சரியா எம்புட்டு ஆச்சி? உங்களுக்குத் தெரியும்லா?" என்று நச்சரித்தாள்.

தெரியும். சிப்பத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்தானே? மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவு எண்ணத் தெரியாதா? ஆனால் சொல்லமாட்டேன். நான் அம்மை வீட்டுக்குப் போன ஒவ்வொரு நடையும் அந்தத் தட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தவள் கொடுத்தது. (தவிரவும், சொன்னால் அந்தக் கொட்டகை உத்திரம் எப்படித் தாங்கிற்று என்று கேட்பீர்கள். அது எனக்கே தெரியாது.)